அக்காவுக்குக் கரைத்துக் கொடுத்த குளுக்கோஸ்

என் அக்கா கிராம சுகாதார செவிலியராக இருந்தாள். அரும்பாவூர்ப் பக்கம் ஐந்தாறு ஊர்கள் அவள் பொறுப்பு. எந்த வீட்டுக் குழந்தைக்கு எத்தனையாவது ஊசி, யாருக்கு எத்தனை மாதம், எந்த மருமகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நோட்டு கையில் இருக்கும். திறக்க மாட்டாள்.

நான் அவளைவிடப் பத்து வயது இளையவள். அரியலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவேன். சின்ன வெங்காயமும் பருத்தியும் போடுகிறவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விடுமுறை வந்தால் அரியலூரில் பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறி, நான் அங்கே போய்விடுவேன். அக்கா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு நாற்பது தாண்டியும் பாப்பாதான்.

தொண்ணூற்றெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா முன்னறிவிப்பு இல்லாமல் என் வீட்டுக்கு வந்தாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள். அந்த வாரம் ஒரு வீட்டில் காலை எட்டு மணிக்கு ஒரு பெண் குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி போட்டிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்கு அதே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து மறுபடி சிரிஞ்சில் மருந்தை எடுத்திருக்கிறாள். குழந்தையின் அம்மா, "என்ன நர்சம்மா, காலையிலதான போட்டீங்க? புள்ள இன்னும் கால அசைக்க முடியாம அழுவுது" என்று சொல்லியிருக்கிறாள். அக்கா துணியை விலக்கித் தொடையைப் பார்த்திருக்கிறாள். ஊசி குத்திய இடம் சிவந்து லேசாக வீங்கியிருந்ததாம்.

"அந்தப் பொண்ணு இல்லாம, புள்ளைய வேற யாராச்சும் வெச்சிருந்தா நான் போட்டிருப்பேன் பாப்பா" என்றாள்.

"அசதியா இருக்கும்க்கா. உனக்குச் சர்க்கரை வேற இருக்குல்ல."

"அசதின்னா கை நடுங்கும். எனக்குக் கை நடுங்கல. காலையில அந்த வூட்டுக்குப் போனதே நெனப்புல இல்ல."

ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. மாமா வேண்டாம் என்றார், கூட வேலை பார்த்தவர்கள் வேண்டாம் என்றார்கள், நானும் கொஞ்சம் பொறு என்றேன். அவள் கேட்கவில்லை. அந்த மாதமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் செய்த காரியங்களில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். தன் மூளையில் ஏதோ சரியில்லை என்பதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொண்டவள் அவள்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் மெதுவாகப் போயிற்று. அடுப்பில் வைத்த பால் கருகியது. பெரம்பலூர் பஸ் நிலையத்தில் எந்த பஸ் ஏறுவது என்று தெரியாமல் ஒருநாள் மத்தியானம் முழுவதும் நின்றிருந்தாள். தெரிந்த கண்டக்டர் ஒருவர் அழைத்துக்கொண்டு வந்து விட்டார். திருச்சியில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். நடுத்தர வயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். தலையை ஸ்கேன் எடுத்தார். கடிகாரம் வரையச் சொன்னார். அக்கா வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கமாக நெருக்கி எழுதினாள். அல்சைமர் நோயாக இருக்கலாம் என்றார் டாக்டர். ஐம்பத்தாறு வயதில் வருவது அபூர்வம், ஆனால் வரும் என்றார். மாத்திரை எழுதினார். குணமாகும் என்று சொல்லவில்லை.

மாமா வெளியே வந்து கேட்டார். "டாக்டரம்மா சொன்னது என்ன நோவு? எனக்கு வாயில நொழையல."

"மறதி நோய் மாமா."

"மறதிக்கு எதுக்கு நோயின்னு பேரு? எனக்கும்தான் மறக்குது."

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கேள்விகளுக்குப் பாடப் புத்தகத்திலிருந்து பதில் சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு. அவருக்கும் அது பிடிக்கும். என்னை டீச்சரு என்றுதான் கூப்பிடுவார், பாதி கேலியாக, பாதி மதிப்பாக.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடக் கோடை விடுமுறையில் நடந்ததுதான் பின்னால் வந்ததற்கெல்லாம் காரணம். அதற்கு முந்தைய இரண்டு மாதமாகவே அக்கா மோசமாகியிருந்தாள். என்னைப் பாப்பா என்பதை விட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு சாப்புட்டுச்சா?" என்று என்னைக் காட்டி மாமாவிடம் கேட்பாள். சில நாள் காலை பதினோரு மணிவாக்கில் எரிந்து விழுவாள், பிறகு உட்கார்ந்த இடத்திலேயே தலை தொங்கத் தூங்கிவிடுவாள். நோய் முற்றுகிறது என்று நினைத்தோம்.

ஒருநாள் அப்படித் தூங்கியவள் எழவில்லை. ஜாக்கெட் முழுக்க வேர்த்து நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் திறந்து வாய்க்குள் ஏதோ குழறினாள். பக்கத்து வீட்டு வேனில் ஏற்றி அரும்பாவூரில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேறு ஒன்றும் பேசாமல், பெரிய சிரிஞ்சில் குளுக்கோஸை நரம்பில் ஏற்றினார். நான் வாட்சைப் பார்க்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அக்கா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, நீ எப்ப வந்த? ஸ்கூலு லீவு வுட்டுட்டாங்களா?"

மாமா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன நடந்தது என்பது வீட்டில் மாத்திரை அட்டையை எண்ணியபோது தெரிந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சர்க்கரை மாத்திரையை அவள் போட்டது மறந்து மறுபடி போட்டிருக்கிறாள். சாப்பிட்டுவிட்டதாக நினைத்துச் சாப்பிடாமலும் இருந்திருக்கிறாள். ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. அன்றிலிருந்து மாத்திரைகளை மாமா வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த நாட்களில் அக்கா தெளிவாக இருந்தாள். வெங்காயம் உரித்தாள். பழைய ஆட்களை விசாரித்தாள். எனக்குத் தலை வாரிவிட்டாள்.

ஒரு காலையில் மாமாவும் நானும் வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையில் உட்கார்ந்து அழுகலைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவர் கேட்டார்.

"ஏம்மா டீச்சரு, அந்தக் குளுக்கோசு மூளைக்குப் போயி என்னா பண்ணுது?"

நான் பல வருடமாக நடத்தும் பாடம் அது. உற்சாகமாகச் சொன்னேன். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னச் சின்ன உறுப்புகள் இருக்கின்றன, குளுக்கோஸைச் செல் பிளந்து கொடுக்கும், அதை இவை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துச் சக்தியாக்கும், அந்தச் சக்தியில்தான் செல் வேலை செய்கிறது என்றேன். எடையில் மூளை ஒன்றரைக் கிலோகூட வராது, ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது தின்கிறது என்றேன். சேர்த்து வைத்துக்கொள்ள மூளைக்கு இடமில்லை, ரத்தத்தில் வருவதை அப்போதைக்கப்போது எடுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். இந்த மறதி நோய்க்காரர்களின் மூளை குளுக்கோஸைக் குறைவாகத்தான் செலவழிக்கிறது என்று எங்கோ படித்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப மூளைக்கு அது பத்தல."

"ஆமாங்க மாமா. ஒரு வகையில பட்டினிதான்."

அவர் தலையை ஆட்டினார். கையிலிருந்த வெங்காயத்தைக் கூடையில் போட்டார். பேச்சு அத்தோடு முடிந்தது. பள்ளிக்கூடம் திறக்கிறது என்று நான் அரியலூர் திரும்பினேன்.

அடுத்து நான் போனது ஆவணியில். அக்கா இளைத்துப் போயிருந்தாள். வளையல் முழங்கை வரை ஏறியது. நாள் முழுக்கத் தண்ணீர் கேட்டாள். சேலையை நனைத்துக்கொண்டாள். பேச்சு குறைந்துவிட்டது. மாமாவின் கண்களைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"நோவு வேகமாப் போவுதும்மா" என்றார்.

மறுநாள் காலை அவளைக் குளிப்பாட்ட வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டி மறைப்புக்குக் கூட்டிப்போனேன். அவள் ஒதுங்கும் மூலையில் கல்லின் மேல் எறும்பு மொய்த்திருந்தது. வரிசை இல்லை, கறுப்பாக அப்பிக் கிடந்தது. சிறுநீரில் சர்க்கரை போகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வகுப்பில் நானே வேடிக்கையாகச் சொல்லும் அடையாளம் அது. ஈரத் துணியால் அவளைத் துடைத்து, சேலை மாற்றி, பத்து மணிக்குள் மூன்று பேரும் திருச்சிக்குக் காரில் கிளம்பிவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. இன்சுலினும் சலைனும் ஏற்றினார்கள். சாயங்காலம் அதே நரம்பியல் டாக்டர் வந்து பார்த்தார்.

"சாப்பாடு என்ன குடுக்குறீங்க?"

"கட்டுப்பாடாத்தான் மேடம்" என்று நான் சொன்னேன். "இனிப்பே கிடையாது."

மாமா என்னைப் பார்க்காமல் பேசினார். "குளுக்கோசு குடுத்தேங்கம்மா. எலுமிச்சம்பழம் புழிஞ்சு, தண்ணியில கரைச்சு. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, பொழுதுபோவ ஒண்ணு."

"எத்தனை நாளா?"

"ஆனி மாசம் ஆரம்பிச்சது."

"யார் சொல்லிக் குடுத்தீங்க?"

"யாரும் சொல்லலங்க. நானாத்தான் குடுத்தேன்."

இரண்டு மூன்று நொடி சும்மா இருந்தேன் என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும். பிறகு, "நான்தான் மேடம் காரணம். மூளைக்கு குளுக்கோஸ் பத்தலைன்னு நான்தான் சொன்னேன்" என்றேன்.

டாக்டர் கோபப்படவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் உயிரியல் ஆசிரியை என்று தெரிந்ததும் ஒரு முறை புருவத்தை உயர்த்தினார். அவ்வளவுதான்.

"நீங்க சொன்னது பொய்யில்ல, பாதி உண்மை" என்றார். "இந்த நோய் இருக்குறவங்க மூளையில சில பகுதி சர்க்கரையைக் குறைவாத்தான் எரிக்குது. மறதி வெளிய தெரியறதுக்கு முன்னாடியே அது குறைய ஆரம்பிச்சுடுதுன்னு சொல்றாங்க. ஆனா ரத்தத்துல சர்க்கரை இல்லாம இல்ல. வாசல் வரைக்கும் வந்து நிக்குது. செல் அதை உள்ள வாங்கி எரிக்கிற வேலைதான் கெட்டுப் போச்சு. அந்த மைட்டோகாண்ட்ரியா பழுதாயிருக்கலாம், இன்சுலின் சொல்றதை செல் கேக்காம இருக்கலாம், மூளையில படியிற புரதம் கெடுக்கலாம். எது முதல்ல, எது பின்னாலன்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது."

"அன்னிக்கு நரம்புல ஏத்துன ஒடனே எந்திரிச்சு பேசுச்சே?" என்று மாமா கேட்டார்.

"அது வேற விஷயம்யா. மாத்திரையை ரெண்டு ரெண்டாப் போட்டு, பல நாளா அப்பப்ப சர்க்கரை இறங்கியிருக்கு. அதுல வந்த குழப்பத்தை நீங்க நோய் முத்துனதா நெனச்சிருக்கீங்க. மாத்திரையை ஒழுங்கு பண்ணினதும் அந்தக் குழப்பம் தெளிஞ்சுது. அடியில இருக்குற நோய் அப்படியேதான் இருக்கு."

மாமா மறுபடி கேட்டார்.

"கெணத்துல தண்ணி இருக்கு, மோட்டாருதான் எறைக்கல. அப்படித்தானுங்க?"

"அப்படியே வெச்சுக்கங்க."

"நான் ரொம்பி நிக்கிற கெணத்துல குடம் குடமா ஊத்திருக்கேன்" என்றார் அவர். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

நான் பின்னால் போனேன். "உங்களுக்கு மட்டுமா தெரியல, எனக்கும் தெரியல மாமா" என்றேன்.

"நீ சொன்னப்ப எனக்கு எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா?" என்றார். "கைக்கு எட்டுற மருந்து, பெட்டிக்கடையில கெடைக்குதுன்னு."

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொன்னவை எளியவை. சர்க்கரை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. நேரத்துக்குச் சாப்பாடு. தினமும் நடக்க வேண்டும். நடந்தால் உடம்பு சர்க்கரையை நன்றாக எரிக்கும், ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், மிச்சமிருக்கும் செல்களுக்கு அது நல்லது. போனது திரும்பாது.

திரும்பவில்லைதான். ஆனால் குளுக்கோஸ் நின்றதும் அவள் கொஞ்சம் தேறினாள். சேலை நனைவது குறைந்தது. மாமா காலையில் ஆறு மணிக்கு அவளைக் கையைப் பிடித்து வயல் வரைக்கும் நடத்திக்கொண்டு போவார், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். ஊரில் முதலில் சிரித்தார்கள். புருஷன் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது அங்கே கல்யாணத்தன்று மட்டும்தான். மாமா கண்டுகொள்ளவில்லை.

வீட்டிலேயே ரத்தம் பார்க்கும் சின்ன மெஷின் ஒன்றைத் திருச்சியில் வாங்கிக் கொடுத்திருந்தேன். முதல் தடவை மாமா அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு குத்தத் தைரியம் வராமல் இருந்தார். அக்கா அந்தச் சமயத்தில் அவரை யாரென்றே சரியாகச் சொல்ல மாட்டாள். என்னைச் சில நாள் அம்மா என்பாள். ஆனால் அவர் கையில் ஊசியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நடுவுல குத்தாதீங்க, வலிக்கும். ஓரமாக் குத்துங்க" என்றாள். குரல் பழைய நர்சம்மா குரல். விரலைத் தானே அடியிலிருந்து நுனிக்கு நீவி, அவர் பக்கம் நீட்டினாள். "பயப்புடாதீங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

அவர் குத்தினார். துளி வந்தது. பஞ்சை வாங்கி அவளே அழுத்திக்கொண்டாள். பிறகு, "அடுத்த ஆளு வரச் சொல்லுங்க" என்றாள். நானும் மாமாவும் சிரித்தோம். அவளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள்.

அவள் புருஷனை மறந்தாள், என்னை மறந்தாள், ஊசி குத்துவதை மறக்கவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டரிடம் சொன்னேன். கை பழகிய வேலைகள் மூளையில் வேறு இடத்தில் இருக்கின்றன, அந்த இடங்கள் கடைசியில்தான் பாதிக்கப்படும் என்றார். மூளையின் உள்பக்கத்தில், புது நினைவுகள் பதியும் சிறு பகுதி ஒன்று இருக்கிறது, சக்தி குறைந்தால் முதலில் தளர்வதில் அதுவும் ஒன்று என்றார். காலையில் போட்ட ஊசி நினைவில் நிற்காதது அதனால்தான். முப்பது வருடம் போட்ட பழக்கம் நிலைத்தது, அது வேறு இடத்தில் இருப்பதால்தான்.

பள்ளியில் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து நடத்தினேன். 'மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம் எனப்படுகிறது, ஏன்?' என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் அச்சடித்தாற்போல எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஒரு மாணவி ஒருமுறை எழுந்து, "அது கெட்டுப்போனா என்னங்க டீச்சர் ஆவும்?" என்று கேட்டாள். "முழுசாத் தெரியாதும்மா" என்றேன். வகுப்பில் அப்படிச் சொன்னது அதுதான் எனக்கு முதல் தடவை.

மாமாவோடு அக்காவின் அந்தக் காலை நடை மூன்று வருடத்துக்கு மேல் நீடித்தது. இரண்டாயிரத்து ஆறு பிறந்த பிறகு அக்காவால் விழுங்க முடியவில்லை. கஞ்சி மூச்சுக்குழாயில் ஏறியது. மாசி மாதம் சளி கட்டி ஜுரம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். மாமா வேண்டாம் என்றார். நான்காம் நாள் காலை, வெயில் வந்த பிறகு, அவர் மடியில் தலை வைத்தபடி இறந்தாள். அவளுக்கு அறுபத்திரண்டு.

செய்தி ஊருக்கு ஊர் போயிற்று. மத்தியானத்துக்குள் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். நடந்தும், டவுன் பஸ்ஸிலும், டிராக்டரில் நின்றுகொண்டும். அவள் ஊசி போட்ட பிள்ளைகளில் சிலர் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். யாரும் என்னிடம் அவள் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. யார் யார் பிரசவத்துக்கு எந்த மழையில் எப்படி வந்தாள் என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மறந்துபோன அக்காவை அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்ததும் மாமாவை அரியலூருக்கு வந்துவிடச் சொன்னேன். "சிமெண்டு லாரி போற ஊருல நான் என்னத்தப் பண்ணுவேன்?" என்றார். வெங்காயம் போட்டார். அந்த வருடம் நன்றாகவே விளைந்தது.

மறு வருடம் எனக்கும் சர்க்கரை என்று தெரிந்தது. குடும்பத்தில் இருப்பதுதான், ஆச்சரியம் இல்லை. அக்காவுக்கு வந்த மற்றது எனக்கும் வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், சர்க்கரையை மட்டும் விடாதீர்கள் என்றார். இதை மாமாவிடம் போனில் சொன்னேன். "சாயந்தரம் நட" என்றார்.

அரியலூர் ரயில் நிலையத்துச் சாலையில் தினமும் நடக்கிறேன். லாரித் தூசுக்கு முந்தானையை மூக்கில் போட்டுக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போன் செய்வார். நலமா என்று கேட்க மாட்டார்.

"இந்த வாரம் எத்தன நாளு நடந்த?"

"அஞ்சு நாள் மாமா."

"மிச்சம் ரெண்டு நாளு என்னா பண்ணுன?" என்பார்.